கோலம் கோணிய மார்கழி: தொண்டை வலிக்குப் பின் வரும் கொரியா நோய், ஓர் எளிய விளக்கம்

எனக்கு வந்த நோய் முதலில் தெரிந்தது வாசல் கோலத்தில்தான். 1996ஆம் ஆண்டு மார்கழி மாதம். எனக்குப் பத்து வயது. விடியற்காலையில் அப்பத்தா சாணம் தெளித்துப் பெருக்கிக் கொடுக்க, நான் ஏழு புள்ளிச் சிக்குக் கோலம் போடுவேன். கண்ணை மூடிக்கொண்டும் போடுகிற அளவுக்குப் பழகிய கோலம் அது. அன்றைக்கு இழை புள்ளியைச் சுற்றி வளையாமல் புள்ளியின் மேலேயே ஏறிப் போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் கோணல். "தூக்கக் கலக்கம், முகத்தைக் கழுவிவிட்டு வா ஆத்தா" என்றார் அப்பத்தா.

அந்த வாரத்துக்குள் கையிலிருந்து டம்ளர் நழுவத் தொடங்கியது. நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடந்தது. அரையாண்டுத் தேர்வில் என் எழுத்துகள் கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடின. வேண்டுமென்றே கிறுக்குகிறேன் என்று நினைத்த ஆசிரியர் விரல் முட்டியில் பிரம்பால் அடித்தார். அடிக்குப் பயந்து கை இன்னும் அதிகமாக வெட்டி இழுத்தது. அதற்கும் அடி விழுந்தது.

அந்த நோயின் பெயர் சிடன்ஹாம் கொரியா. இன்று நான் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்தப் பெயரையே கேள்விப்படாத பெற்றோருக்காகவும், பிரம்பைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய என் போன்ற ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன். கை ஆடுவது நின்ற நாளில் இந்த நோய் முடிந்துவிடுவதில்லை. கைக்கு ஒரு காலம், மனத்துக்கு ஒரு காலம், இதயத்துக்கு ஒரு காலம் என்று மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஆறுகின்றன. எங்கள் வீட்டார் அதைப் புரிந்துகொள்வதற்குள் எனக்கு நோய் இரண்டாம் முறையும் வந்துவிட்டது.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

கொரியா என்பது நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1686இல் குழந்தைகளிடம் இந்த நோயைக் கவனித்து விவரித்தார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருகிறது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு அதிகம்.

கை, கால், முகம், நாக்கு ஆகியவை குழந்தையின் விருப்பமில்லாமல் அசையும். தோள் ஒருமுறை குலுங்கும். அடுத்த நொடி விரல்கள் பியானோ வாசிப்பதுபோல் துள்ளும். பிறகு உதடு கோணும். எது எப்போது அசையும் என்று சொல்ல முடியாது. இதனால்தான் இது நடுக்கம் இல்லை: நடுக்கத்துக்கு ஒரு சீரான தாளம் உண்டு, இதற்கு இல்லை. வலிப்பும் இல்லை, நினைவு தப்பாது. சில குழந்தைகள் ஒரே மாதிரி கண்ணைச் சிமிட்டுவார்கள், தொண்டையைக் கனைப்பார்கள். அது டிக் எனப்படும் வேறொன்று, அங்கே ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். சிலருக்குக் கொரியா உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வருவதும் உண்டு.

இரண்டு விஷயங்களைப் பெற்றோர் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தூங்கும்போது இந்த அசைவுகள் பொதுவாக நின்றுவிடும். யாராவது உற்றுப் பார்த்தால், பதற்றம் வந்தால், அதிகமாகும். ஆட்கள் பார்க்கும்போது கூடுகிறது, தனியாகத் தூங்கினால் இல்லை என்றவுடன் வீட்டில் வரும் முதல் வார்த்தை "நடிக்கிறாள்" என்பதுதான். என் அத்தை அதையே சொன்னார். நான் ராத்திரி எப்படி அசையாமல் தூங்குகிறேன் என்பதைச் சாட்சியாகவும் காட்டினார். ஆனால் அது நோயின் இயல்பு. குழந்தை நடிப்பது உண்மையில் எதிர்த்திசையில்தான்: கை தானாகத் தூக்கினால், தலையைச் சொறிவதுபோல் காட்டிக்கொள்ளும், கால் வெட்டினால், பாவாடையைச் சரிசெய்வதுபோல் குனியும். நோயை மறைக்கத்தான் நான் நாள் முழுவதும் நடித்தேன். மாலையில் வீடு திரும்பும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும்.

அசைவோடு தளர்ச்சியும் வரும். பேச்சு குழறும். சோற்றை அள்ளிய கை வாய்க்குப் போகும் வழியில் திசை மாறும். பலருக்கு அசைவு தொடங்கும் முன்பே மனம் மாறத் தொடங்கிவிடும்: காரணமில்லாத அழுகை, சட்டென்ற சிரிப்பு, எரிச்சல், தனியாகப் படுக்கப் பயம். எனக்குத் தீபாவளிக்கே அழுகை தொடங்கியிருந்தது. புதுப் பாவாடை பிடிக்கவில்லை போலும் என்று அம்மா நினைத்தார்.

சிரிப்பு, அழுகை, ஆட்டம் மூன்றும் சேர்ந்து ஒரு பெண் பிள்ளையிடம் வந்தால் எங்கள் பக்கம் ஊர் என்ன சொல்லும் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. கொப்புடையம்மன் கோவிலுக்கு என்னை அழைத்துப்போய் அம்மா வேண்டிக்கொண்டார். அதில் எனக்கு இன்றும் குறை இல்லை, சன்னதியில் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற அந்த நேரம்தான் அந்த மாதத்தில் நான் பயமில்லாமல் இருந்த நேரம். ஆனால் அதன்பின் கோடாங்கி வந்தார். உடுக்கை, சாம்பிராணிப் புகை, தலைமுடியைப் பிடித்து உலுக்கல் என்று மூன்று வெள்ளிக்கிழமைகள் போயின. அந்த மூன்று வாரமும் என் இதயம் கவனிக்கப்படாமல் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. வேண்டுதல் இருக்கட்டும். மருத்துவரிடம் போவதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

விரலைப் பிடித்துப் பார்த்த மருத்துவர்

காரைக்குடியில் ஒருவர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். கடைசியில் மதுரைக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு குழந்தைகள் மருத்துவர் என்னை எந்த இயந்திரத்திலும் வைக்கும் முன், தன் இரண்டு விரல்களை நீட்டி, "இறுக்கிப் பிடித்துக்கொள் பாப்பா, விடாதே" என்றார். பிடித்தேன். பிடி இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகி, மாட்டின் காம்பில் பால் கறப்பதுபோல் ஆனது. நாக்கை நீட்டி வைத்திரு என்றார். நாக்கு உள்ளே ஓடி ஓடி ஒளிந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்; உள்ளங்கைகள் தாமாக வெளிப்பக்கம் திரும்பின. ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் தொண்டை வலி, காய்ச்சல் வந்ததா?"

வந்திருந்தது. புரட்டாசிக் கடைசியில். மூன்று நாள் மாத்திரை போட்டுக் காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைத்துவிட்டோம்.

தொண்டைக்கும் கைக்கும் என்ன தொடர்பு என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள்.

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, தாமே போய்விடும். சில வலிகளுக்குக் காரணம் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதை எதிர்த்து நம் உடல் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. அந்தக் கிருமியின் உடலில் உள்ள சில பகுதிகள், நம் மூளை, இதயம், மூட்டு ஆகியவற்றில் உள்ள சில பகுதிகளின் சாயலில் இருக்கின்றன. ஆகவே சில குழந்தைகளுக்கு, கிருமியைத் தேடிப் புறப்பட்ட எதிர்ப்புப் பொருள் ஆள் மாறி, சொந்த உறுப்பையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் பழமொழியில் துரோகம் இருக்கிறது; இங்கே இருப்பது அடையாளக் குழப்பம் மட்டுமே. இந்தத் தாக்குதலின் மொத்தப் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டில் வந்தால் வீக்கமும் வலியும், இதயத்தில் வந்தால் வால்வுகளில் அழற்சி, மூளையில் வந்தால் கொரியா.

மூளையின் உட்பகுதியில் பேசல் கேங்க்லியா என்ற நரம்பணுத் தொகுதி இருக்கிறது. அது என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது என் அப்பாவின் தொழில்தான். அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்தார். கண்ணாடித் தகட்டின் மேல் பூ வடிவ உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார். அச்சின் தகடு நேராக இருக்கும்வரை சிவப்பு சிவப்பிலும் மஞ்சள் மஞ்சளிலும் நிற்கும். தகடு சற்று வளைந்துவிட்டால் ஒன்று மற்றொன்றுக்குள் கசியும். பேசல் கேங்க்லியா அந்த அச்சு. வேண்டிய அசைவைப் போகவிட்டு, வேண்டாத அசைவுகளை அடைத்து நிறுத்துவது அதன் வேலை. அழற்சியால் அது தடுமாறும்போது அடைத்து வைத்த அசைவுகளெல்லாம் கசிந்து வெளியே வருகின்றன. அதே பகுதிக்கு எண்ணத்தையும் உணர்ச்சியையும் ஒழுங்குபடுத்தும் பங்கும் உண்டு. அதனால்தான் கையோடு மனமும் சேர்ந்து ஆடுகிறது.

பெற்றோரை ஏமாற்றும் இன்னொரு விஷயம் கால இடைவெளி. மூட்டு வீக்கம் தொண்டை வலிக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் வரும். கொரியா ஒன்று முதல் ஆறு மாதம்வரைகூடத் தாமதித்து வரலாம். அதற்குள் தொண்டையில் கிருமி இருக்காது. இரத்தத்தில் அந்தக் கிருமிக்கான எதிர்ப்பு அளவும் வழக்கமான நிலைக்கு இறங்கியிருக்கலாம். ஆகவே இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கொரியா இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. மறுபக்கம், ஆடுகிற கையெல்லாம் சிடன்ஹாம் கொரியாவும் ஆகாது. உடலில் செம்பு சேரும் வில்சன் நோய், எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ், தைராய்டு கோளாறு, சில மருந்துகள் ஆகியவையும் இதே போன்ற அசைவைத் தரலாம். மேலே நான் சொன்ன விரல் பிடி, நாக்கு நீட்டல் எல்லாம் மருத்துவரிடம் போகத் தூண்டும் அடையாளங்கள். வீட்டிலேயே நோயைத் தீர்மானிக்க அல்ல.

வீட்டில் வாழ்ந்த மாதங்கள்

பெரும்பாலான குழந்தைகளுக்கு அசைவுகள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிந்துவிடும். சிலருக்கு ஓராண்டு, இரண்டாண்டு இழுக்கும். லேசாக இருந்தால் அசைவுக்கென்று மருந்தே தராமல் ஓய்வு மட்டும் சொல்வார்கள். சாப்பிடவும் நடக்கவும் முடியாத அளவுக்கு இருந்தால் வால்ப்ரோயேட், கார்பமசெபின், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளில் ஒன்றைக் கொடுத்து, தணிந்ததும் மெல்லக் குறைப்பார்கள். கடுமையான நிலையில் ஸ்டீராய்டும் உண்டு. எது, எவ்வளவு என்பது குழந்தையைப் பார்க்கும் மருத்துவரின் முடிவு. அதைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை.

அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுப்போம். அம்மா கட்டிலை எடுத்துவிட்டுக் கீழே பாய் விரித்தார், விழுந்தாலும் அடிபடாது. டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டார். கொதிக்கும் ரசம் என் பக்கம் வராது. சோற்றைப் பிசைந்து உருண்டையாக்கிக் கையில் வைப்பார். மெல்ல முடியாத நாளில் கஞ்சி, இடியாப்பம். சட்டையின் பொத்தானை எடுத்துவிட்டு முடிச்சுக் கயிறு தைத்தார். கிணற்றடிக்கும் ஊருணிக்கும் தனியாகப் போகக் கூடாது, விறகடுப்புப் பக்கம் உட்காரக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகள் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எதையும் அவர் அதட்டிச் சொல்லவில்லை.

அம்மா செய்தவற்றுள் மிகப் பெரியது வேறு. ஆடுகிற கையை அவர் ஒருபோதும் அழுத்திப் பிடிக்கவில்லை. "ஆட்டாதே" என்ற சொல்லை வீட்டில் தடை செய்தார். அப்பத்தாவுக்கும் அத்தைக்கும் அதே கட்டளை. "ஆட்டாதே" என்றால் குழந்தை முயற்சி செய்யும். முயன்றால் பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் ஆட்டம் கூடும். அந்தச் சொல் வீட்டிலிருந்து போன பிறகுதான் நான் மறைத்து நடிப்பதை நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பழைய நோட்டில் என்னை அதே ஏழு புள்ளிக் கோலத்தைப் பென்சிலால் போட வைத்து, மேலே தேதி எழுதினார் அம்மா. மருத்துவர் சுருள் வரையச் சொன்னதைப் பார்த்து அவருக்கே தோன்றிய யோசனை இது. மருத்துவர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, தொடர்ந்து செய்யுங்கள் என்றார். அந்த நோட்டில் குணமடைதலின் உண்மையான வடிவம் இருக்கிறது: நல்ல பக்கம், அதைவிட நல்ல பக்கம், பிறகு திடீரென்று மோசமான பக்கம். சளி பிடித்த வாரம் மோசம். தூக்கம் கெட்ட திருவிழா வாரம் மோசம். ஒரு பக்கத்தைப் பார்த்தால் மனம் உடையும். பத்துப் பக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் இழை நேராகிக்கொண்டே வருவது தெரியும். கோலம் தெரியாத பையனாக இருந்தால் அவன் பெயரையோ ஒரு சுருளையோ வாரம் ஒருமுறை எழுதச் சொல்லலாம்.

பள்ளிக்குத் திரும்பியபோது அரைநாள்தான் போனேன். இன்று என் வகுப்பில் அப்படி ஒரு குழந்தை வந்தால் நான் செய்வது இதுதான் என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன்: எழுத்துத் தேர்வுக்குப் பதில் வாய்மொழியாகக் கேட்பேன், கரும்பலகையில் எழுத எல்லார் முன்னும் அழைக்க மாட்டேன், பக்கத்தில் அமர ஒரு நல்ல தோழியை வைப்பேன், மற்றக் குழந்தைகளிடம், "இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, இவளுக்குக் கை கொஞ்ச நாள் தானாக அசையும், பிறகு சரியாகிவிடும்" என்று மறைக்காமல் ஒரே முறை சொல்லிவிடுவேன். குழந்தைகள் உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள்.

மனம் ஆறிய விதம்

நான்கு மாதத்தில் கை நின்றது. எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள். என் தலைக்குள் நடந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

நிலைப்படியைத் தாண்டும்போது அதை ஐந்து முறை தொட வேண்டும், இல்லாவிட்டால் அம்மா இறந்துவிடுவார் என்ற எண்ணம் எனக்குள் உட்கார்ந்திருந்தது. அது பொய் என்று எனக்கே தெரியும். ஆனாலும் தொடாமல் நகர முடியாது. எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. நிலைப்படியைத் தொட்டுக் கும்பிடுவது எங்கள் ஊரில் வழக்கம் என்பதால், பக்தி கூடிவிட்டது என்று அப்பத்தா மகிழ்ந்துபோனார். இந்த நிலைக்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர்: விரட்டினாலும் போகாத எண்ணம், அந்தப் பயத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல். கை கழுவுவது, எண்ணுவது, சரிபார்ப்பது, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பது என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வடிவம். சிடன்ஹாம் கொரியா வந்த குழந்தைகள் பலரிடம் இது காணப்படுகிறது; சிலருக்குக் கை நின்ற பின்னும் நீடிக்கிறது.

இதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. பயத்தைத் தரும் சூழலைச் சிறிது சிறிதாகச் சந்தித்து, வழக்கமான செயலைச் செய்யாமல் நின்று பார்க்கப் பழக்குவார்கள். நான்கு முறை தொட்டு நிறுத்து, அடுத்த வாரம் மூன்று. பயம் அலைபோல் ஏறும், நின்றால் தானே இறங்கும் என்பதை மூளை கற்றுக்கொள்ளும். எனக்கு இதை யாரும் அன்று சொல்லவில்லை. கல்லூரிக் காலத்தில்தான் ஒரு மனநல ஆலோசகரிடம் போய்க் கற்றேன். எட்டு வருடம் வீணாயிற்று. கை நின்ற குழந்தையிடம், "உன் மனத்துக்குள் ஏதாவது எண்ணம் தொந்தரவு செய்கிறதா?" என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இப்போது இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

கொரியாக் குழந்தைகளிடம் கண்ட இந்த எண்ணச் சுழற்சிதான் இன்னொரு ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. கை ஆடாத ஒரு குழந்தைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் திடீரென்று எண்ணச் சுழற்சியோ டிக்கோ வர முடியுமா? அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் சூசன் ஸ்வீடோவும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் அப்படிப்பட்ட 50 குழந்தைகளைப் பற்றி எழுதி, அந்த நிலைக்குப் பாண்டாஸ் என்று பெயரிட்டனர். 2012இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற நிபந்தனையை நீக்கி, பான்ஸ் என்ற விரிவான பெயர் முன்வைக்கப்பட்டது: நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தைக்கு ஓரிரு நாளுக்குள் கடுமையான எண்ணச் சுழற்சியோ உணவு மறுப்போ வந்து, கூடவே பிரிவுப் பயம், கோபம், சிறு பிள்ளைபோல் நடத்தை, கையெழுத்துச் சிதைவு, படுக்கையில் சிறுநீர் கழித்தல் போன்றவற்றில் சிலவும் சேர்ந்து வருவது. இதன் காரணத்தைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. கொரியா அளவுக்கு இது உறுதிப்பட்ட பாதை அல்ல. ஆயினும் "ஒரே வாரத்தில் என் பிள்ளை வேறு பிள்ளையாகிவிட்டது" என்று ஒரு தாய் சொன்னால், அந்தத் திடீர் தன்மையையும் அதற்கு முந்தைய காய்ச்சலையும் மருத்துவரிடம் தேதியோடு சொல்வது மிக முக்கியம்.

இதயமும் இருபத்தோரு நாளும்

கொரியா வந்த குழந்தைக்கு இதய எக்கோ பரிசோதனை கட்டாயம் வேண்டும். நெஞ்சு வலி இல்லை, மூச்சு இரைக்கவில்லை என்பதால் விட்டுவிடக் கூடாது; வெளியே எதுவும் தெரியாமல் வால்வு கசிந்துகொண்டிருக்கலாம். கொரியாக் குழந்தைகளை ஆராய்ந்த பல ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இதயத்திலும் பாதிப்பு இருந்திருக்கிறது. எனக்கு இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வில் லேசான கசிவு இருந்தது.

கை தானாக ஆறிவிடும். வால்வு அப்படி அல்ல. மறுபடி ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தால் மறுபடி தாக்குதல், மறுபடி வால்வில் தழும்பு. ஒவ்வொரு முறையும் தழும்பு தடித்து, கடைசியில் அறுவை சிகிச்சைவரை போகலாம். அதைத் தடுக்கத்தான் பென்சாதீன் பென்சிலின் ஊசி. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வளர்ந்த குழந்தைக்கு 12 லட்சம் யூனிட், சிறு குழந்தைக்கு அதில் பாதி. இதயம் பாதிக்கப்படாதவர்களுக்குக் குறைந்தது ஐந்தாண்டு, அல்லது 18 (சில வழிகாட்டுதல்களில் 21) வயதுவரை, இவற்றில் எது நீண்டதோ அதுவரை என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது பத்தாண்டு. வால்வு மிகவும் கெட்டிருந்தால் நாற்பது வயதுவரையோ வாழ்நாள் முழுவதுமோகூட.

எங்கள் வீடு சறுக்கிய இடம் இதுதான். மூன்றாம் வருடம் நான் நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருந்தேன். "நன்றாகத்தானே இருக்கிறாள், எதற்கு இந்த ஊசி வலி" என்று அப்பா பரிதாபப்பட்டார். ஊசி போடும் நாளில் பட்டறையில் ஒரு நாள் கூலி போகும், அதுவும் உண்மை. ஏழு மாதம் விட்டுப்போனது. பதின்மூன்றாம் வயதில் ஒரு தொண்டை வலி வந்தது. அது போய் இரண்டு மாதத்தில் நோட்டில் கோலம் மறுபடி கோணியது. அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டியபோது அவர் அழுததை நான் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோய் வந்தவர்களுக்கு நோயைத் தணிக்க மருந்து தருகிறோம் என்று புரியும், இல்லாத நோய்க்கு வலிக்கும் ஊசி எதற்கு என்பதை யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். எங்களுக்கு விளக்கியவர் இல்லை.

அதன்பின் 25 வயதுவரை ஒரு ஊசியும் தவறவில்லை. எனக்கு இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை ஊசி, அதாவது சரியாக மூன்று வாரம். முதல் ஊசியைச் சனிக்கிழமை போட்டால் எல்லா ஊசியும் சனிக்கிழமையிலேயே வரும், பள்ளியும் போகாது. புது வருடத் தினசரி நாள்காட்டி வந்ததும் அம்மா வருடம் முழுவதற்கும் தாள்களை எண்ணிச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிடுவார். ஆண்டுக்குப் பதினேழு வட்டம். ஊசி நன்றாகவே வலிக்கும், பொய் சொல்லிக் குழந்தையை அழைத்துப் போகாதீர்கள். குப்பியைச் சற்று நேரம் கைக்குள் வைத்துக் குளிர் நீக்குவது, போடும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திவிட்டுப் போடுவது, மருந்தை மெதுவாகச் செலுத்துவது ஆகியவை வலியைக் குறைக்கும், செவிலியரிடம் கேட்டுக்கொள்ளலாம். முன்பு பென்சிலினால் ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது.

இந்த நோய் பணக்கார நாடுகளில் அரிதாகிவிட்டது. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. நெருக்கமான வீடும், நேரத்துக்குக் கிடைக்காத மருத்துவமும்தான் அதற்குப் பெரிய காரணங்கள். செட்டிநாடு என்றால் ஆயிரம் சன்னல் மாளிகைகளின் வளவும் முகப்பும்தான் வெளியூராருக்குத் தெரியும். அந்த முகப்புக்குக் கல் வார்த்தவர்கள் ஏழு பேர் ஒரே அறையில் இருமிக்கொண்டு படுத்திருந்தோம். ருமாட்டிக் காய்ச்சலையும் அதனால் வரும் இதய நோயையும் ஒழிக்க நாடுகள் முன்வர வேண்டும் என்று உலக சுகாதார மாநாடு 2018இல் தீர்மானம் போட்டது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் மருத்துவக் குழு தேட வேண்டியவற்றுள் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. அந்தக் குழு வரும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். முன்பு கை ஆடியது, மூட்டு வீங்கியது போன்றவற்றை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

தொடக்கத்திலேயே தடுப்பதற்கு ஒரு வழி உண்டு. சளியும் இருமலும் இல்லாமல் திடீரென்று காய்ச்சலும் கடுந்தொண்டை வலியும் வந்து, விழுங்க முடியாமல், கழுத்தில் நெறி கட்டியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று அவர் கருதினால் ஒரே ஒரு பென்சிலின் ஊசியோ, பத்து நாள் மாத்திரையோ தருவார். நோய் தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். பிள்ளை விளையாடப் போய்விடும். மீதி ஏழு நாள் மாத்திரையையும் கொடுத்தாக வேண்டும்.

இந்த நோய் வந்த பெண் குழந்தை வளர்ந்த பிறகும் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் கொரியா சிலருக்குத் தலைகாட்டும். வால்ப்ரோயேட் மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் அந்த வயதில் அதை எழுதும் முன், கர்ப்பமா, கர்ப்பமாக வாய்ப்புண்டா என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பெண் பார்க்க வந்தபோது என் நோயைச் சொல்லக் கூடாது என்று அத்தை சொன்னார். நான் சொன்னேன். கர்ப்பமான முதல் மாதமே மகப்பேறு மருத்துவரிடமும் சொன்னேன். நான்காம் மாதத்தில் வலது கை விரல்கள் லேசாகத் துள்ளின. எக்கோ எடுத்தார்கள், வால்வு அப்படியே இருந்தது; மருந்து எதுவும் தேவைப்படவில்லை, ஆறு வாரத்தில் விரல்கள் அடங்கின. அந்த ஆறு வாரமும் வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து, மீதமிருந்த வெள்ளைப் பக்கத்தில் தேதி எழுதி, பென்சிலை என் கையில் கொடுத்தார்.